நன்றாகச் சாப்பிடும் 14 வயதுப் பூனையை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 14 வயதுப் பெண் பூனை, வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவள். போன வருடம் ஊசி போடக் கூட்டிப் போனபோது வழி முழுக்கக் கத்தி, கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்து, பரிசோதனை மேசையில் உங்கள் கையைக் கிழித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. “நன்றாகச் சாப்பிடுகிறாள், முன்பைவிட நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறாள், அவ்வளவுதான். இந்த வயதில் இன்னொரு முறை அவளை அந்தப் பாடு படுத்த வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனை தேவையா என்று கேட்பதுபோல இருந்தாலும், கூட்டிப் போவது கொடுமையா, விட்டுவிடுவது கொடுமையா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது என்னிடம் வருவதில் பெரும்பாலானவை பூனைகள். உங்கள் பூனையைத் தொட்டுப் பார்க்காமல் அவளுக்கு இன்ன நோய் என்று சொல்ல எனக்கு வழியில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் நல்ல சேதியாக எழுதிய ஒரு வரிதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. ‘முன்பைவிட நிறையத் தண்ணீர்’ என்ற அந்த வரி.

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடம்பில் இருக்கும் ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். அதன் சிறுநீரகம் சிறுநீரை அந்த அளவுக்குச் சுண்டவைத்துவிடும். எங்கள் பூனை தண்ணீர் குடித்து நாங்கள் பார்த்ததே இல்லை என்று பலர் சொல்வது இதனால்தான். அப்படிப்பட்ட பிராணி வயதான காலத்தில் கிண்ணத்தருகே அடிக்கடி தென்பட்டால், உடம்பிலிருந்து தண்ணீர் எங்கோ அதிகமாக வெளியேறுகிறது, அதைக் குடித்து ஈடுகட்டுகிறது என்றுதான் நாங்கள் முதலில் யோசிப்போம். ஈர உணவிலிருந்து உலர் உணவுக்கு மாற்றினாலும் அதிகம் குடிக்கும், அது நோயில்லை. அப்படி எதுவும் மாறவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருபவை மூன்று: நாள்பட்ட சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது.

இதில் தைராய்டு ரொம்பவே ஏமாற்றும். அது அதிகமாகச் சுரக்கும் பூனை பார்க்க உற்சாகமாக இருக்கும், தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்கும், ஆனால் மாதாமாதம் இளைத்துக்கொண்டே போகும். ஆகவே ‘நன்றாகச் சாப்பிடுகிறாள்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 14 வயதுப் பூனை ஆரோக்கியமாக இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. சாப்பிடுவதோடு எடையும் அப்படியே நிற்கிறதா என்று தெரிந்தால்தான் அந்தத் தகவலுக்கு மதிப்பு. சிறுநீரகமோ வேறு மாதிரி. வேலை செய்யும் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவு ஏறித் தெரியும், எஸ்.டி.எம்.ஏ. என்ற பரிசோதனை அதைவிட முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். இவற்றோடு சிறுநீரின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்ப்போம். பூனையின் சிறுநீர் அடர்த்தி 1.035-க்குக் கீழேயே நின்றால் சுண்டவைக்கும் வேலை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் படித்துப் பயந்துவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே தெரிந்த சிறுநீரக நோயோடு, உணவை மாற்றிக்கொண்டு, வருடக்கணக்கில் நன்றாக வாழும் பூனைகள் உண்டு. தைராய்டுக்கு மாத்திரை இருக்கிறது, கதிரியக்க அயோடின் சிகிச்சை கிடைக்கும் இடங்களில் அதையும் செய்யலாம்.

நான்காவதாக ஒன்று, மேலே சொன்னவற்றோடு கைகோத்து வருவது: இரத்த அழுத்தம். காலையில் சாதாரணமாக இருந்த பூனை மாலையில் சுவரில் முட்டிக்கொண்டு, கண்மணி இரண்டும் அகல விரிந்தபடி வந்து நிற்கும். விழித்திரை கழன்றிருக்கும். சில மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கினால் ஓரளவு பார்வை திரும்பலாம். பல சமயம் திரும்புவதில்லை. முன்கூட்டியே அளந்து பார்த்திருந்தால் தினம் ஒரு மாத்திரையோடு போயிருக்கும் விஷயம். வருடத்துக்கு இப்படிச் சில பூனைகளைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுக்காரர்கள் சொல்வது ‘நன்றாகத்தானே இருந்தாள்’ என்பதுதான்.

ஆகவே நேரடியான பதில்: ஆம், இந்த ஒரு முறை கூட்டிப் போக வேண்டும். நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை, ஆனால் அடுத்த ஓரிரு வாரத்துக்குள். இரத்தம், சிறுநீர், தைராய்டு, இரத்த அழுத்தம் நான்கையும் ஒரே தடவையில் முடித்துவிடச் சொல்லுங்கள். போன முறை நடந்தது மறுபடியும் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் பூனைக்குப் பயம் டாக்டரைப் பார்த்ததும் தொடங்கியது என்று நினைக்கிறீர்கள். பரணிலிருந்து கூண்டை இறக்கும் சத்தத்திலேயே தொடங்கியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தூசியோடு வெளியே வரும் ஒரு பெட்டி, அதற்குள் தள்ளப்பட்டால் கடைசியில் ஊசி. 13 வருடப் பாடம் அது, அவள் நன்றாகவே படித்திருக்கிறாள். அந்தப் பாடத்தைக் கலைக்க வேண்டுமென்றால் கூண்டு இனிமேல் பரணுக்குப் போகவே கூடாது. அவள் வழக்கமாகத் தூங்கும் மூலையில் வையுங்கள், கதவைக் கழற்றிவிடுங்கள் அல்லது அசையாமல் கட்டிவிடுங்கள், உள்ளே அவள் உடம்பு வாசனை ஏறிய பழைய துணியைப் போடுங்கள். போன முறை சிறுநீர் கழித்தாள் அல்லவா, அந்த வாடை போக நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் இதெல்லாம். அப்புறம் தினமும் ஒரு துண்டு தீனியை வாசலில், இரண்டு மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம் உள்ளே. நீங்கள் அவளைத் தூக்கி உள்ளே வைக்கவே கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். சில பூனைகள் ஒரு வாரத்தில் உள்ளே போய்த் தூங்கும், சில ஒரு மாதம் எடுக்கும். உங்களுக்கு இருப்பது இரண்டு வாரம். முழுக்கப் பலிக்காவிட்டாலும் பாதி பலித்தால் கூடப் பெரிய லாபம்.

கூண்டு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். மேல் பாதியை அப்படியே கழற்றி எடுக்கக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் கூண்டுதான் என் தேர்வு. ஏன் என்று என் மேசையில் நடப்பதைச் சொன்னால் புரியும். சமீபத்தில் 16 வயதுப் பூனை ஒன்று வந்தது. அதன் கோப்பில் முன்பிருந்த டாக்டர் ‘கடிக்கும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கூண்டை மேசையில் வைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கழற்றி, மேல் மூடியை ஒரு விரற்கடை தூக்கியதும் அந்த இடைவெளியில் ஒரு துண்டை நுழைத்து அதன் மேல் போர்த்தினோம். பிறகுதான் மூடியை முழுக்க எடுத்தோம். பூனை தன் துணி மேலேயே, தன் பெட்டியின் கீழ்ப் பாதியிலேயே, துண்டுக்கடியில் இருந்தது. தலையை வெளியே நீட்டவே இல்லை. பின்னங்கால் ஒன்றை மட்டும் வெளியே எடுத்து உள்தொடை இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்தோம். வயிற்றைத் தடவிப் பார்த்தது, இதயத் துடிப்பு கேட்டது எல்லாம் துண்டுக்குள் கைவிட்டுத்தான். கடிக்கவில்லை. முன் கதவு வழியாகக் கையை விட்டு வெளியே இழுத்திருந்தால் நானும் கோப்பில் அதே வார்த்தையைத்தான் எழுதியிருப்பேன்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம்: என் முதல் சில வருடங்களில் நானும் பூனைகளைப் பிடரியைப் பிடித்து அமுக்கியவன்தான். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், தாய்ப்பூனையே குட்டியை அப்படித்தானே தூக்குகிறது என்ற சமாதானத்தோடு. வளர்ந்த பூனைக்கு அது தப்ப வழியில்லை என்ற பீதியைத்தான் தருகிறது. 2022-இல் அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதை வேண்டாம் என்கின்றன. நேரம் குறிக்கும்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடலாம்: பிடரியைப் பிடிக்காமல், கூண்டின் கீழ்ப் பாதியிலேயே வைத்துப் பார்ப்பீர்களா? நாய்கள் இல்லாத நேரம் எது? வந்ததும் காத்திருக்கும் அறையில் உட்காராமல் நேராக உள்ளே வரலாமா? இவற்றை ஒரு டாக்டர் தொந்தரவாக நினைத்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

மருந்து பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் உங்கள் பூனையின் கதையில் நான் முதலில் நினைத்தது அதைத்தான். காபாபென்டின் என்ற மருந்தை, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வீட்டிலேயே கொடுத்தால் பெரும்பாலான பூனைகளின் பயம் கண்கூடாகக் குறைகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆய்வுகளும் இதையே சொல்கின்றன, தினமும் நானும் பார்க்கிறேன். பிரீகாபலின் என்ற அதன் உறவுக்கார மருந்தை, பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே, வாய்வழித் திரவமாக 2023-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காபாபென்டின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் பற்றிய சந்தேகத்தோடுதான் போகிறீர்கள் என்பதால் ‘தண்ணீர் அதிகம் குடிக்கிறாள்’ என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லி, அளவை அவர் குறைத்துத் தரட்டும். எங்கோ படித்த அளவை நீங்களே கொடுக்காதீர்கள். முடிந்தால் போகும் நாளுக்கு முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள். தள்ளாடுவாள், அன்று முழுக்கத் தூங்கலாம். உயரமான இடங்களுக்கு ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனை முகத்தைத் தேய்க்கும்போது விடும் வாசனையைப் போலச் செய்த பெரோமோன் தெளிப்பான் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். அதன் பலன் பற்றிய சான்றுகள் கலவையானவை. கெடுதல் கிடையாது, ஆனால் தெளித்து 15 நிமிடம் கழித்தே பூனையை உள்ளே விட வேண்டும், அதில் உள்ள ஆல்கஹால் வாடை முதலில் போக வேண்டும். நான் பயன்படுத்துகிறேன், அதை நம்பி மருந்தைக் கைவிடுவதில்லை. அமைதி தரும் என்று விற்கும் கழுத்துப்பட்டை, மூலிகைச் சொட்டு வகையறாக்களுக்கு என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

போகும் வழியில் கூண்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். அடியில் கை கொடுத்து, மார்போடு அணைத்துத் தூக்குங்கள். மேலே துண்டு போர்த்துங்கள். காரில் முன் இருக்கைக்குப் பின்னால், தரையில் வைத்தால் அதிகம் ஆடாது. அங்கே போனதும் தரையில் வைக்காமல் நாற்காலி மேல் வையுங்கள்.

பரிசோதனையில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதனால் தவறான சிகிச்சைகள் தொடங்கியிருக்கின்றன. பயந்த பூனையின் இரத்தச் சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தமும் ஏறும். ஆகவே இரத்த அழுத்தத்தை, ஊசி எதுவும் குத்துவதற்கு முன்னால், அவள் சில நிமிடம் அடங்கிய பிறகு அளக்க வேண்டும். முதல் அளவை ஒதுக்கிவிட்டு அடுத்த ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுப்பது வழக்கம். சர்க்கரை அதிகமாகக் காட்டினால் உடனே சர்க்கரை நோய் என்று முடிவு கட்ட வேண்டாம், ஃப்ரக்டோசமைன் என்ற இரத்தப் பரிசோதனையையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு முந்தைய ஓரிரு வாரத்தின் சராசரியைச் சொல்லும். பயத்தைக் குறைப்பது அவள் மனதுக்காக மட்டும் இல்லை, ரிப்போர்ட்டுக்காகவும்தான்.

திரும்பி வந்ததும் வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் ஒரு இரவு தனியறையில் வையுங்கள். ஆஸ்பத்திரி வாடையோடு வந்தவளை வருடக்கணக்கில் பழகிய பூனையே அந்நியமாக நினைத்துப் பாயும்.

இனி அந்த ‘கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறாள்’. வயதானால் தூங்கத்தானே செய்யும் என்று விடலாம்தான். ஆனால் 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002-இல் வெளியான ஒரு ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தால் வலியும் இருந்தே தீரும் என்று இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பூனை நொண்டிக் காட்டுவது குறைவு. தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளும். என் பழைய பூனை ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவலில் ஏறுவான். ஒரு கட்டத்தில் திண்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான், பின்பக்கத்தை இரண்டு தடவை அசைத்துக் கணக்குப் போடுவான், பிறகு ஏதோ நினைவு வந்தவன் மாதிரி திரும்பிப் போய்விடுவான். ஜன்னல் அலுத்துவிட்டது என்று நினைத்தேன், டாக்டரான நானே! தற்செயலாக அங்கே ஒரு முக்காலியை நகர்த்திப் போட்ட மறுநாள் அவன் மேலே உட்கார்ந்திருந்தான். உங்கள் வீட்டில் அவள் ஏறுவதை விட்டுவிட்ட இடங்கள் எவை என்று யோசியுங்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் முடி சிக்குப் பிடித்திருக்கிறதா? நடக்கும்போது தரையில் நகம் டக் டக்கென்று கேட்கிறதா? வயதான பூனையின் நகம் தடித்து, வளைந்து, சில சமயம் பாதத்துக்குள்ளேயே இறங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்து நறுக்குங்கள்.

ஏறும் இடங்களுக்கு ஒரு படி, மணல் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிடுவது, குளிர்காலத்தில் கதகதப்பான படுக்கை, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர். இவ்வளவுதான், ஆனால் பல பூனைகளுக்கு மருந்துக்குச் சமம். போதாவிட்டால் மூட்டு வலிக்கு மாதம் ஒரு ஊசியாகப் போடும் ஃப்ரூனெவெட்மாப் போன்றவை வந்திருக்கின்றன, டாக்டர் பார்த்துச் சொல்வார். மனிதர்களின் வலி மாத்திரை மட்டும் கூடவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். இன்னொன்று, ‘வயதாகிவிட்டது, புரதத்தைக் குறை’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயதான பூனை தசையை இழந்துகொண்டிருக்கும். சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும் உணவை மாற்றுங்கள்.

இதன் பிறகு எத்தனை முறை போவது? வயதான பூனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான பரிந்துரை, நானும் அதையே சொல்கிறேன். ஆனால் முடிவுகள் நன்றாக இருந்து, மருந்து கொடுத்தும் அவள் மிரண்டாளானால், வீட்டில் கணக்கு வைத்துக்கொண்டு வருடம் ஒருமுறை வாருங்கள் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். இது என் சொந்தத் தீர்மானம், மற்ற டாக்டர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் கிடைத்தால் யோசிக்கலாம், ஆனால் தன் இடத்துக்கே அந்நியர் வந்துவிட்டார் என்று இன்னும் மோசமாக எடுத்துக்கொள்ளும் பூனைகளும் உண்டு. கணக்கு என்றால் முக்கியமாக எடை. குழந்தைகளுக்கான எடைக் கருவியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 4 கிலோ பூனை 200 கிராம் இளைத்தால் அது 5 சதவீதம். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். ஆனால் ஒரு நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, திடீரென்று கண் தெரியாமல் போவது, பின்னங்கால் இழுத்துக்கொள்வது, சிறுநீர் வராமல் முக்குவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் கூண்டுப் பயிற்சி, மருந்து எதற்கும் காத்திருக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். மணலுக்குப் பதிலாகப் போட, ஈரத்தை உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகள் கிடைக்கும், கழுவிக் காயவைத்த மணல் பெட்டியில் அவற்றைப் போட்டு வையுங்கள். அவள் சிறுநீர் கழித்ததும் அதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சுத்தமான டப்பாவில் அடைத்து, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அடர்த்தியும் சர்க்கரையும் அதிலேயே தெரிந்துவிடும், எவ்வளவு அவசரம் என்று அவரும் சொல்லிவிடுவார். அந்த முதல் நடைக்கு அவள் வரவே வேண்டாம், வீட்டிலேயே தூங்கட்டும்.